டேப்பில் ஏறிய இரண்டாவது குரல்

திங்கட்கிழமை முதல் இந்த ஒலிப்பதிவு மேசை உங்கள் இருவருடையது. ஆறு வருடம் வேலை பார்த்தவன் அனுபவம் எழுதிவைத்துவிட்டுப் போவது கொஞ்சம் அதிகப்பிரசங்கம்தான். எனக்கு இருபத்தெட்டு வயது. ஓய்வு பெறுகிற ஆள் மாதிரி நாற்காலியில் சாய்ந்து ஆரம்பிக்க எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் சென்னைக்குப் போவதற்குள் ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்லியாக வேண்டும். எந்தக் கம்பியை எந்தத் துளையில் சொருகுவது என்பதெல்லாம் இரண்டு நாளில் நீங்களே பிடித்துக்கொள்வீர்கள். நான் சொல்லப்போவது அப்படிப் பிடிபடாதது. எனக்கே பதினொரு பக்கம் எழுதிய பிறகுதான் பிடிபட்டது.

ஆணியில் தொங்குகிற பெரிய ஹெட்போனைப் பார்த்திருப்பீர்கள். காதுக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் மூடியில்லாமல் கம்பி வலை போட்டது. நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருடம் அது வந்தது. துபாயிலிருந்து திரும்பிய அதியன்னூர்க்காரர் ஒருவர், முதலாளியின் பழைய சிநேகிதர், கொண்டுவந்து மேசையில் வைத்தார். விலை? கடைசித் தட்டும் அல்ல, முதல் தட்டும் அல்ல. நடுவில். அந்த நடு விலைதான் சிக்கல். மலிவு என்றால் யோசிக்காமல் வாங்கலாம், கொள்ளை விலை என்றால் யோசிக்காமல் திருப்பிக் கொடுக்கலாம்.

"ஒரு வாரம் வச்சுப் பாரும். பிடிச்சா எடுத்துக்கிடும்" என்றார் அவர்.

முதலாளி என்னைப் பார்த்தார். "எலே மக்கா, நீதான் படிச்சவன் ஆக்கும். கேட்டுப் பாத்து எழுதிக் குடு. வாங்கணுமா வேண்டாமா எண்ணு ஒரு வரி எழுதினா போதும்."

ஒரு வரியா! அவர் வெளியே போனதும் நான் ஸ்குரூ டிரைவரை எடுத்துவிட்டேன்.

நம்முடைய பழைய ஹெட்போனுக்குள் ஒரு குட்டி ஸ்பீக்கர் இருக்கும்: கூம்பு, அதற்குப் பின்னால் கம்பிச் சுருள். இதற்குள் கூம்பே இல்லை. வெங்காயத் தோல் மாதிரி ஒரு மெல்லிய படலம், அதன்மேல் வளைந்து வளைந்து ஓடும் உலோகக் கோடு. இரண்டு பக்கமும் துளை போட்ட காந்தங்கள். மின்சாரம் கோட்டில் ஓடினால் படலம் முழுவதும் ஒன்றாக முன்னும் பின்னும் அசையும். பிளேனர் என்று இதற்குப் பெயர். நடுவில் மட்டும் தள்ளப்படுகிற கூம்பு போல அல்லாமல் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நகர்வதால் சத்தம் கலங்காமல் வரும் என்பது கணக்கு. கணக்கு சரிதானா என்று பார்க்க எனக்குக் கை துடித்தது.

நான் என்னென்ன போட்டுக் கேட்டேன் என்றால் சிரிப்பீர்கள். பொழியூர் கடற்கரையில் நானே பதிவு செய்த அலை. செங்கல் ஊர்க் கோயிலில் எடுத்த செண்டை மேளம். பாறசாலை ஸ்டேஷனில் வண்டி நகர ஆரம்பிக்கும்போது பெட்டிகள் ஒன்றையொன்று இழுக்கும் ஓசை. பழைய ஹெட்போனில் அலை என்றால் ஒரே இரைச்சல். இதில் அலை உடைவது வேறு, மணலில் ஏறுவது வேறு, திரும்பும்போது சிப்பிகள் உருள்வது வேறு. செண்டையின் அடி நெஞ்சில் முட்டவில்லை; ஆனால் தோல் எவ்வளவு இறுக்கம் என்று சொல்லிவிடலாம் போல இருந்தது. கனம் அதிகம். அரை மணிக்கூரில் கழுத்து வலித்தது. மிக்சரில் நேராகச் சொருகினால் சத்தம் போதவில்லை, தனி ஆம்ப்ளிஃபயர் கேட்டது. கொடுத்தேன். தாராளமாகவே கொடுத்தேன். எல்லாவற்றையும் எழுதினேன்.

அந்த வாரத்தில்தான் ஷீபாவின் பதிவு வந்தது.

ஷீபா எனக்குப் பள்ளித் தோழி. செங்கல் ஊர்க்காரி, நர்ஸ் படித்தவள். சபைப் பாட்டுக் குழுவில் அவள் பாடினால் பின்வரிசைக்காரர்கள் பாடுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, சனிக்கிழமை விமானம். இரண்டு வருட ஒப்பந்தம். போவதற்கு முன்னால் ஒரு பாட்டாவது தன் குரலில் கேசட்டில் இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அவள் சபை இரண்டு கேசட் போட்டுக்கொண்டிருந்தது, ஒன்று மலையாளத்தில், ஒன்று தமிழில். மெட்டு ஒன்று, வார்த்தை வேறு. மலையாளத்தில் நெய்யாற்றின்கரை வாத்தியார் ஒருவர் ஏற்கெனவே பாடி முடித்திருந்தார். தமிழ் ஷீபாவுக்கு.

அவளுக்கு ஒரு பிரச்சினை உண்டு. மூடிய ஹெட்போனை மாட்டினால் சுருதி மேலே ஏறிவிடும். தன் குரல் தனக்குக் கேட்காததால் இன்னும் இன்னும் என்று தள்ளுவாள். அதற்கு முந்தைய கிறிஸ்துமஸ் பதிவை அப்படித்தான் பாதியில் கைவிட்டோம். பின்பக்கம் திறந்த ஹெட்போனில் வெளிச் சத்தமும் உள்ளே வருமல்லவா? வியாழக்கிழமை காலை அதையே அவள் தலையில் மாட்டினேன். எங்கே நுழைய வேண்டும் என்று தெரிவதற்காக இசையோடு வாத்தியாரின் மலையாளப் பாட்டையும் அவள் காதுக்குக் கொடுத்தேன்.

முதல் வரி பாடினாள். முதலாளி வாயிலிருந்த வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார்.

மூன்று சரணமும் ஒரே மூச்சில் முடிந்தது. கழற்றும்போது ஷீபா சொன்னாள்: "எலே, இதுல எனக்கு என்னைய கேக்குது. மற்றதுல நான் இல்லவே இல்ல, பாட்டு மட்டும்தான் உண்டு."

அந்த வாக்கியத்தை அப்படியே பத்தாம் பக்கத்தில் எழுதினேன். பதினொன்றாம் பக்கத்தில் தீர்ப்பு: உடனே வாங்கலாம்.

மத்தியானம் அதே ஹெட்போனை என் தலையில் மாட்டிக்கொண்டு பாட்டைக் கலக்க உட்கார்ந்தேன். நம்முடையது நாலு தடம் உள்ள கேசட் யந்திரம். ஒன்றில் ஆர்கன், இரண்டில் வயலின், மூன்றில் வாத்தியார், நாலில் ஷீபா. தமிழுக்கு மூன்றாம் தடத்தை அடைத்துவிட்டேன். வரிகளின் இடைவெளியில் மெலிசாக மலையாளம் கேட்டது. எனக்கு ஆச்சரியமே இல்லை. பக்கத்துத் தேநீர்க்கடை ரேடியோ விடிந்தால் அடைந்தால் மலையாளம்தானே? திறந்த ஹெட்போன், வெளிச் சத்தம் வருகிறது, அவ்வளவுதான். அதையும் நோட்டில் எழுதினேன் தெரியுமா? 'கலக்கும்போது தேநீர்க்கடை ரேடியோ கேட்கிறது, பழகிக்கொள்ளலாம்.' பழகியும் கொண்டேன். சாயங்காலத்துக்குள் அது என் காதில் விழுவதே நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, கேசட் அட்டை அச்சடிக்க ஆர்டர் எடுக்கும் சிவகாசிக்காரர் வந்தார். அட்டையில் போட வேண்டிய பெயர்களைக் கொடுத்தோம். முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. தமிழ்ப் பாட்டைப் பெரிய ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினார். சிவகாசிக்காரர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு காகிதத்தைப் பார்த்தார்.

"பாட்டு ரெண்டு பேரு பாடுறாக. நீங்க ஒரு பேருதான குடுத்திருக்கீக?"

"ஒரு ஆளுதான் அண்ணாச்சி. எங்க ஷீபா."

"அப்ப பின்னால ஒரு ஆம்பளக் கொரலு ஓடுதே? எனக்குப் புரியாத பாசையில."

முதலாளி சிரித்தார். "அது பக்கத்து சாயக்கட ரேடியோ."

"ரேடியோ எப்படிங்க அந்தப் பிள்ளையோட ராகத்துலயே பாடும்?"

நான் எழுந்து வெளியே ஓடினேன். தேநீர்க்கடைக்காரர் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நேத்து உச்சைக்கு ரேடியோ வச்சிருந்தியளா?"

"எங்க வைக்க? பேட்டரி தீந்து மூணு நாளாச்சு. நீ ரெண்டு வாங்கித் தாறியா?"

திரும்பி வந்து இந்த முறை பழைய மூடிய ஹெட்போனை மாட்டினேன். நாலாம் தடத்தை மட்டும் தனியாக ஓட்டினேன். ஷீபா. அவளுக்குப் பின்னால், ஒரு அறை தள்ளி நிற்பது மாதிரி, வாத்தியார். தமிழ் வரி முடிந்த இடத்தில் மலையாள வரிக்கு ஒரு வார்த்தை பாக்கி இருக்கும். அந்த ஒரு வார்த்தை ஒவ்வொரு வரிக்கும் பின்னால் இடைவெளியில் தொங்கியது. தெளிவாக. திருத்தமாக. எப்படிக் கேட்காமல் போனது என்று இப்போது உங்களுக்குத் தோன்றும்.

அந்த ஹெட்போனில் வெளியே இருப்பது உள்ளே வரும் என்று மூன்று பக்கம் எழுதியிருந்தேன். உள்ளே இருப்பது வெளியே போகும் என்று ஒரு வரி எழுதவில்லை. நான் தாராளமாகக் கொடுத்த சத்தம் அந்தக் கம்பி வலை வழியே ஒழுகி அவள் வாய்க்கு முன்னாலிருந்த மைக்கில் ஏறிவிட்டது. கலக்கும்போது கேட்ட மலையாளத்தை ரேடியோ தலையில் கட்டிவிட்டேன். ஸ்பீக்கரிலும் எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. இந்த எல்லையோர ஊர்க்காரனுக்கு ஒரு காதில் தமிழும் ஒரு காதில் மலையாளமும் ஓடினால் அது அமைதியான நாள். எதுவோ கூடுதலாக இருக்கிறது என்று கண்டுபிடிக்க சிவகாசியிலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது.

அவர் போன பிறகு முதலாளி கதவைச் சாத்தினார்.

"வயலின கொஞ்சம் தூக்கி வை மக்கா. இடைவெளி எல்லாம் அமுங்கிரும்."

வைத்துப் பார்த்தேன். அமுங்கியது. ஷீபாவும் சேர்ந்து அமுங்கினாள்.

"சாரமில்ல, விடு. நம்ம ஆளுவளுக்கு வித்தியாசம் தெரியாது. அந்தப் பிள்ள நாளைக்குப் போறா. இப்பம் போய் அவகிட்ட சொல்லி என்னத்துக்கு? அழுதுட்டு பிளேன் ஏறணுமா?"

தம்பிகளா, இந்த இடத்தில் நிதானியுங்கள். முதலாளி கெட்ட மனுஷன் அல்ல. அவர் சொன்னதில் இரக்கம் இருந்தது. எனக்கு வசதியும் இருந்தது. சொல்லாவிட்டால் என் பதினொரு பக்கமும் பத்திரம். அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு முடிவு மற்றவருக்கு இரக்கமாகவும் நமக்கு வசதியாகவும் ஒரே நேரத்தில் அமைந்தால், எது முதலில் வந்தது என்று பார்த்துவிடுங்கள். என் விஷயத்தில் வசதிதான் முதலில் வந்தது. சைக்கிளை எடுத்தேன்.

செங்கலில் அவள் வீடு நிறைய ஆட்கள். கூடத்து நடுவில் திறந்த பெட்டி. அவள் அம்மா நார்த்தங்காய் அச்சாறு பாட்டிலின் வாயைத் துணி போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். சித்தப்பா பெட்டியைத் தூக்கித் தூக்கி எடை பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா மக்கா, கேசட்டு கொண்டு வந்தியா?" என்றார் அம்மா.

அத்தனை பேரும் என் கையைப் பார்த்தார்கள். வெறும் கை. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனவன், அங்கேயே நின்றபடி சொல்லிவிட்டேன். பாட்டுக்குப் பின்னால் வாத்தியார் குரல் விழுந்துவிட்டது, தப்பு என்னுடையது, அழிக்க முடியாது.

ஷீபா மடித்துக்கொண்டிருந்த சேலையை அப்படியே பெட்டியில் போட்டாள். "அந்தப் புது சாதனம் உலகத்துலயே இல்லாத சாதனம் எண்ணு அவ்வளவு பேசினியே?"

"பேசினேன்."

"பின்ன?"

"பாதிதான் பாத்தேன். மீதிய பாக்கல்ல."

"நல்ல பரிசோதனை! ஊசி போட்டுட்டு மருந்து என்னதுன்னு பிறகு பாத்த கத." கூடத்தில் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "ரெண்டு வருசம் கழிச்சு இந்தத் தொண்ட இப்படியே இருக்குமா, நீ சொல்லு."

"நாளைக்கு காலம்பற ஒரு மணிக்கூர் கிடைக்குமா?" என்று மட்டும் கேட்டேன்.

"கிடைக்காது" என்றார் சித்தப்பா. "எட்டரைக்கு வண்டி திருவனந்தபுரத்துக்குப் புறப்பட்டே ஆகணும்."

"ஏழு மணிக்கு வாறேன்" என்றாள் ஷீபா. "சித்தப்பா, பெட்டியெல்லாம் கூட ஏத்திருங்க. அங்கேருந்தே போவோம்."

சனிக்கிழமை ஏழு மணிக்கு வேன் வந்து நின்றது. கயிறு கட்டிய பெட்டிகள், அம்மா, சித்தப்பா, சொந்தக்காரர்கள். எல்லோரும் வராந்தாவில். தேநீர்க்கடைக்காரர் விஷயம் கேள்விப்பட்டு, டீ ஆற்றுவதையே நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மேசையில் இரண்டு ஹெட்போன். மூடியதைக் கொடுத்தால் டேப் சுத்தமாக இருக்கும், அவள் சுருதி போகும். திறந்ததைக் கொடுத்தால் பாட்டு நிற்கும், ஒழுகும். முந்தின ராத்திரி முழுக்க இதையே யோசித்து, என் மனசுக்குள் மூடியதை எடுத்து வைத்திருந்தேன். மறுபடி தப்பு செய்யப் பயம். கடைசி நிமிஷத்தில்தான் உறைத்தது: ஒரு வாரமாக அலையையும் செண்டையையும் ரயிலையும் கேட்டேன். மாட்டிக்கொண்டு வேலை செய்யப்போகிற ஆளிடம் எது வேண்டும் என்று கேட்டதில்லை.

"எது?"

"இது" என்று கம்பி வலை போட்டதைத் தொட்டாள். "ஆனா வாத்தியாரு வேண்டாம். ஆர்கன் மட்டும் தா. அதையும் கொறச்சுத் தா. நுழையதுக்கு நீ கைய காட்டு."

ஆர்கன் ஒழுகினால் என்ன? அது எப்படியும் பாட்டில் இருக்கிற ஆர்கன்தான். அதோடு கலந்துவிடும். பதினொரு பக்கத்தில் இல்லாத பதில்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கையைக் காட்டினேன். பாடினாள். முதல் சரணம், இரண்டாவது சரணம், வியாழக்கிழமையை விட நன்றாக. மூன்றாவதில் வராந்தாவில் அம்மா விம்மிவிட்டார். மூடிய ஹெட்போன் மாட்டியிருந்த எனக்கு அது கேட்கவில்லை. ஷீபாவுக்கு, அந்தத் திறந்த கிண்ணம் வழியாக, கதவு தாண்டிப் போயிருக்கிறது. குரல் இறங்கியது. கடைசி வரை இறங்கியே போனது.

மணி எட்டு பத்து. வேன் ஹார்ன் அடித்தது.

"மூணாவது மட்டும் இன்னும் ஒண்ணுகூட எடுப்போம்" என்றாள். முதலாளி வெளியே போய் அம்மாவைத் தேநீர்க்கடை பெஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

மூன்றாவது மட்டும் என்றால் என்ன என்று தெரியுமல்லவா? டேப்பை இரண்டாவது சரணத்திலிருந்து ஓட்டி, அது முடிந்த இடைவெளியில் ரெக்கார்டு பொத்தானை அழுத்த வேண்டும். சீக்கிரம் அழுத்தினால் இரண்டாவது சரணத்தின் கடைசி வார்த்தை அழியும். தாமதித்தால் மூன்றாவதின் முதல் வார்த்தை போகும். திருப்ப முடியாது. அந்த இடைவெளியில் ஒரு மூச்சு இழுக்கத்தான் நேரம் இருக்கும்.

டேப் ஓடியது. நான் கேட்பதை விட்டுவிட்டு அவள் தோளைப் பார்த்தேன். தோள் உயர்ந்தது. அழுத்தினேன்.

முடிந்ததும் அவளே உள்ளே வந்தாள். "போடு, கேக்கணும்." மூடிய ஹெட்போனைக் கொடுத்தேன். நின்றபடியே கேட்டாள். வெளியே ஹார்ன். வாத்தியார் இல்லை, சுருதி அசையவில்லை, மூன்றாவது சரணம் நெஞ்சைப் பிடித்தது. இரண்டாவதின் கடைசி வார்த்தையும் பத்திரம். எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

"எங்க சேத்தேன் எண்ணு உனக்கே தெரியாதுல்ல?" என்றேன்.

"திருப்பிப் போடு."

போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். சட்டென்று விரலைத் தூக்கினாள்.

"இங்க. ரெண்டு தடவ மூச்சு இழுத்திருக்கேன். இடையில விடவே இல்ல."

நான் தோள் உயர்ந்த பிறகு அழுத்தியிருக்கிறேன். பழைய மூச்சில் பாதி டேப்பில் தங்கிவிட்டது, அதை ஒட்டிப் புதிய மூச்சு. யோசித்தால் சரிதான். ஆனால் எனக்குக் கேட்கவில்லை.

"ஒண்ணுகூட எடுப்போமா?" என்றேன். கேட்டுவிட்டேனே தவிர நேரம் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். "ரெண்டும் என் மூச்சுதானலே. கெடக்கட்டு." கைப்பையை எடுத்தாள். "கேசட்டு அனுப்பி விடணும், மறந்துராத. வாறேன்."

வேன் திரும்பி நெய்யாற்றின்கரைப் பக்கம் போனது. நான் நோட்டிலிருந்து அந்தப் பதினொரு பக்கத்தையும் கிழித்தேன். முதலாளிக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்தேன்: வாங்கலாம், பாடுகிறவருக்கு; கலக்குகிறவனுக்கு மூடியது போதும். அவர் படித்துவிட்டு, "இதத்தானலே முதல்லயே கேட்டேன்" என்றார்.

பிறகு இருவரும் உட்கார்ந்து அந்த இடத்தைப் போட்டுக் கேட்டோம். திறந்ததில், மூடியதில், ஸ்பீக்கரில், மெதுவாக, வேகமாக. அந்த இரண்டு மூச்சு எங்களுக்குக் கேட்கவில்லை. இந்த நாலு வருடத்தில் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன், இன்னும் கேட்கவில்லை. டேப் அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது. உங்களில் யாருக்காவது கேட்டால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.